நெய் குடித்த பிரேக்

என் கல்யாணம் ஒரு பிரேக் ஷூவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற சேதியை எனக்குச் சொன்னவர் என் புருஷன் இல்லை. நோன்பு மாதத்தில் மட்டும் எங்கள் தெருச் சரிவின் அடியில் அடுப்பைப் போட்டுக் கத்தாயிஃப் என்ற இனிப்பு அடை சுடும் ஹமாதா சொன்னான். அரைக் கிலோ வாங்கலாம் என்று காலையில் போயிருந்தேன். வட்டக் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உம்மு ரீம், மனசை விட்டுடாதீங்க. அல்லா இருக்கான்" என்றான். உம்மு ரீம் என்றால் ரீமின் அம்மா; மகள் பிறந்ததிலிருந்து தெருவில் எல்லோருக்கும் நான் அப்படித்தான்.

"எதுக்குடா மனசை விடணும்?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எதிரே வீடு பற்றி எரிந்தாலும் கரண்டியைக் கீழே வைக்கிறவன் இல்லை அவன்.

முந்தைய நாள் சாயங்காலம் என் புருஷன் நஷாத் காற்சட்டையெல்லாம் மாவுடன் வீட்டுக்கு வந்தார். கேட்டதற்கு, "லேசா சறுக்கிடுச்சு" என்றார். சறுக்கவில்லையாம். அவருடைய மோட்டார் சைக்கிள் சரிவில் இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், ஹமாதாவின் மாவு வாளிக்குள் முன் சக்கரத்தை விட்டுத்தான் நின்றதாம். செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்த காலத்தில் அங்கே செய்த வண்டி அது. எனக்கு இரண்டு வயது மூத்தது. என்னைவிட அதற்குக் கவனிப்பு அதிகம். டிராமில் டிக்கெட் பரிசோதகர் வேலை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் துடைப்பார்.

மாவு தெருவில் ஓட, நோன்பில் வாடிக் கிடந்த தெரு முழுக்க விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. எதிர்த்த பட்டறை மெக்கானிக் உஸ்தா கைரி சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு அந்த நல்ல குணம் கிடையாது. "நஷாத், வீட்டுல பல்ப் மாத்துறதோட நிறுத்திக்கப்பா. பிரேக்குன்னா இங்க கொண்டா. இல்லேன்னா வண்டிய மியூசியத்துல கொண்டுபோய் நிறுத்து. மாவாவது பிழைக்கும்" என்றிருக்கிறார்.

பதினைந்து மணி நேரமாகச் சிகரெட் இல்லாத வாய் என் புருஷனுடையது. அந்த வாய் என்ன சொல்லியிருக்கிறது என்றால்: "நாளைக்கு நோன்பு திறக்கிற பீரங்கி சத்தத்துக்கு முன்னாடி, என் வீட்டுலயே பிரேக்க சரி பண்ணி, இதே சரிவுல இறங்கி, உன் பட்டறை வாசல்ல வண்டிய நிறுத்திக் காட்டுறேன். மெக்கானிக் எவன் கையும் படாது. நிக்கலேன்னா என் பெண்டாட்டிக்குத் தலாக்."

அலெக்சாந்திரியா ஆண்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. கறிக்கடைக்காரன், இது இன்று அறுத்த கறிதான் என்பதற்குப் பெண்டாட்டியை வைத்துச் சத்தியம் செய்வான். டீக்கடையில் ஒருவன், "இன்னொரு டீ குடிக்காம எந்திரிச்சே, என் பெண்டாட்டிக்குத் தலாக்" என்று சிநேகிதனை உபசரிப்பான். அவனும் மறுபேச்சில்லாமல் குடித்துவிடுவான். இப்படி வயிறு முட்ட டீ குடித்தே எத்தனையோ குடும்பங்களை அடுத்தவர்கள் காப்பாற்றி வருகிறார்கள். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது, அன்றைக்கு மட்டும் தன் கல்யாணம் மூன்று தடவை பிழைத்திருக்கிறது என்று.

ஆனால் என் கதை வேறு. எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு தலாக் முடிந்திருந்தது. கல்யாணமான நாலாவது வருஷம், அவருடைய உதிரிபாகப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டதற்கு ஒன்று. பன்னிரண்டாவது வருஷம், தங்கை அஃபாஃபின் பிரசவத்துக்கு அவரிடம் சொல்லாமல் தமன்ஹூருக்குப் போனதற்கு ஒன்று. இரண்டு தடவையும், திரும்பச் சேர்ந்துகொள்ளும் கெடு முடிவதற்குள், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு அஃபாஃபின் வாசலில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் போனேன். மூன்றாவது அப்படி இல்லை. மூன்றாவது போனால் போனதுதான். எத்தனை கிலோ ஆரஞ்சு வாங்கினாலும் நடக்காது.

கத்தாயிஃப் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு மாடி ஏறினேன். நஷாத் பின்கட்டு பால்கனியில் முன் சக்கரத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே நடைபாதையில் வண்டி சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்றது.

"ஹமாதா சொன்னது நெசமா?"

"அந்தச் சின்ன ஸ்பானரை எடு."

"அபூ ரீம், நெசமான்னு கேட்டேன்."

"நெசந்தான். அதுக்கென்ன இப்ப? சாயங்காலம் நிக்கப் போகுது. லைனிங் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். புதுசா ஒட்டி ஆணி அடிச்சா கழுதை மாதிரி நிக்கும்."

"நிக்கலேன்னா?"

"நிக்கும்."

"என்னைக் கேட்டீங்களா? வைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை? பெட்ரோல் டாங்கை வச்சுப் பந்தயம் கட்ட வேண்டியதுதானே? கட்டுவீங்களா? மாட்டீங்க. அது போனா வலிக்கும்."

அவர் ஸ்பானரைத் தானே எடுத்துக்கொண்டார். கை நடுங்கியது. சிகரெட் இல்லாவிட்டால் நோன்பு மாதம் முழுக்க அந்தக் கை அப்படித்தான் நடுங்கும்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் நானே ஷேக் மஹ்ரூஸுக்குப் போன் போட்டேன். போன இரண்டு தடவையும் எங்களைச் சேர்த்து வைத்தவர் அவர்தான். போனை பால்கனித் திட்டில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன். ஷேக் முழுக்கக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நஷாத், நீயும் பக்கத்துல இருக்கியா? நல்லது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நிதானமா பதில் சொல்லு. அந்த வார்த்தை வாய்ல வந்தப்ப மனசுல என்ன இருந்துச்சு? இவளை விட்டுடணும்னு இருந்துச்சா, இல்ல பேச்சுக்கு ஒரு அழுத்தமா சொன்னியா? சும்மா அழுத்தத்துக்குன்னா அது வெறும் சத்தியம். முறிஞ்சா பத்து ஏழைக்கு சோறு போடு, தீர்ந்துச்சு. மனசுல இருந்துச்சுன்னா அது வேற கதை. சொல்லு, என்ன இருந்துச்சு?"

நான் நஷாத்தைப் பார்த்தேன். அவர் சக்கரத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. 'விடணும்னு இல்லை' என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"அலோ, நஷாத்? லைன்ல இருக்கியா?"

"பிரேக் நிக்கும் ஷேக்" என்றார் என் புருஷன். "அந்தக் கேள்விக்கே வேலை இருக்காது." போனை எடுத்து அணைத்துவிட்டார்.

நான் உள்ளே போனேன். அடுப்படியில் பருப்பு சூப்புக்கு வெங்காயம் நறுக்கத் தொடங்கினேன், பாதியில் விட்டேன். துணி மடிக்கப் போனேன், அதையும் விட்டேன். கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். இருபத்தொன்பது வருஷம். ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தாயிற்று. இந்த மனுஷனுக்கு மனசில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியவில்லையா, இல்லை தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாரா? இரண்டில் எது நல்லது என்றும் எனக்குப் புரியவில்லை. ஜூன் மாத வெயில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பால்கனியிலிருந்து சுத்தியல் சத்தம் டக், டக் என்று மண்டையில் விழுந்துகொண்டிருந்தது.

நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பிறை வடிவ பிரேக் ஷூ இரண்டுக்கும், சக்கர டிரம்மில் உரசிப் பிடிக்கிற நார்த்துணிப் பட்டையான புதிய லைனிங்கை வைத்துச் செம்பு ஆணி அடித்து முடித்திருந்தார். அவற்றை நான் குனாஃபா இனிப்பு சுடும் தட்டில் கவிழ்த்து வெயிலில் வைத்துவிட்டு, டிரம்மைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் தட்டு. கேட்காமல் எடுத்திருக்கிறார். சண்டை போடத் தெம்பு இல்லாமல் திரும்பிவிட்டேன். பெண்டாட்டியையே கேட்காமல் எடுத்தவருக்குத் தட்டு எம்மாத்திரம்.

ஐந்து மணிக்குச் சக்கரம் வண்டியில் ஏறியது. சரிவில் விடுவதற்கு முன் பின்சந்தில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். நானும் கீழே போய்ச் சந்து முனையில் நின்றேன். என் விஷயம் இல்லையா அது. உஸ்தா கைரியும் பட்டறையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு சலாம் சொன்னார். அவர் முகத்திலும் கொஞ்சம் கலவரம் இருந்தது. தன் கேலி இந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

"உம்மு ரீம், நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். உள்ள கொண்டுவரச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல போட்டுத் தர்றேன். வெளில சொல்ல மாட்டேன்."

"அல்லாவுக்குத் தெரியாதா உஸ்தா?"

அவர் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார்.

நஷாத் சந்தின் மறுமுனையிலிருந்து புகை கக்கிக்கொண்டு வந்தார். சுவரோரம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டுக்கு வெகு முன்பே கைப்பிடியை அழுத்தினார், எனக்குத் தெரிந்தது. வண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கோட்டைத் தாண்டியது, என்னைத் தாண்டியது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, ஒரு செருப்பின் அடியைக் கிழித்துக்கொண்டு, குப்பைத் தொட்டிக்கு முன்னால் ஒருவழியாக நின்றார்.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வரும்போது ஒரு வாசனையும் கூடவே வந்தது. மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. "யார் வீட்டுல குனாஃபா? நோன்பாளிகள் மேல இரக்கமே இல்லையா?" என்று ஒரு குரல் கேட்டது. வறுத்த நெய் வாசனை. உஸ்தா கைரி மூக்கை உறிஞ்சினார். நஷாத்தும் உறிஞ்சினார். இரண்டு பேரும் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் மட்டும் சக்கரத்தைப் பார்த்தேன்.

குனாஃபாத் தட்டை நான் சோப்புப் போட்டுத் தேய்ப்பதே இல்லை. எங்கள் பக்கம் யாரும் தேய்க்க மாட்டார்கள். வருஷக்கணக்காகத் தட்டில் ஊறிய நெய்தான் குனாஃபாவை அடி பிடிக்காமல் விடும். கண்ணுக்குத் தெரியாது, துடைத்த தட்டு மாதிரிதான் இருக்கும். வெயிலில் வைத்தால் வியர்க்கும். இவர் லைனிங்கைக் கவிழ்த்து மூன்று மணி நேரம் வெயிலில் வைத்திருக்கிறார். அது வயிறு நிறையக் குடித்துவிட்டு, இப்போது டிரம்மில் உரசியதும் வறுபட்டு மணக்கிறது.

இது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. ஆண்கள் யாருக்கும் தெரிய வழியில்லை.

ஒரு நிமிஷம் நான் பேசவில்லை. அந்த நிமிஷத்தை மறைத்துச் சொல்ல மாட்டேன். நான் வாயைத் திறக்காவிட்டால் சாயங்காலம் வண்டி நிற்காது. நிற்காவிட்டால் முடிந்தது. தமன்ஹூரில் அஃபாஃபின் வீட்டில் மாடி அறை ஒன்று காலியாகக் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மாந்தோப்பு. பெட்ரோல் நாற்றம் இல்லாத படுக்கை. என்னை விட்டுவிடணும் என்று மனசில் இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத ஒரு மனுஷனுக்காக எதற்கு நான் வாயைத் திறக்கணும்? அவர் வாய்தான் சத்தியம் செய்தது, அவர் கைதான் தட்டை எடுத்தது.

நஷாத் கிழிந்த செருப்போடு, நெற்றியில் கிரீஸோடு நின்றார். நிற்காது என்று தெரிந்தாலும் இந்த ஆள் சரிவில் இறங்குவார். அதுவும் எனக்குத் தெரியும். வீம்பு அப்படி. அடியில் மாவு வாளி இல்லாவிட்டால் பட்டறைச் சுவர்.

"தட்டு" என்றேன்.

"என்ன தட்டு?"

"மேல வாங்க. சக்கரத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டு வாங்க. உங்க பிரேக் என் நெய்யைக் குடிச்சிருக்கு."

மணி ஐந்தே முக்கால். ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்குப் பீரங்கி. ஷூவை வெளியே எடுத்துத் தன் மூக்கருகே பிடித்தார், அவரால் மறுக்க முடியவில்லை. பெட்ரோலில் கழுவித் தேய்த்துப் பார்க்கலாம் என்றார். துணியில் இறங்கிய நெய்யைப் பற்றி என்னிடம் பேச வராதீர்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். பின் சக்கரத்துக்கென்று வாங்கிய லைனிங் துண்டு அலமாரியில் இருந்தது. அதை இதற்குப் போட்டுக்கொள்வது, பின் சக்கரம் பழையதோடு சமாளிக்கட்டும் என்று முடிவானது.

ஆணிகளை அறுத்து, நெய் லைனிங்கைப் பிய்த்தெடுத்தார். புதிய துண்டை ஷூவின் வளைவில் வைத்து நான் அழுத்திப் பிடிக்க, டிரில்லால் துளை போட்டார். ஒரு ஷூவுக்கு ஆறு ஆணி. முதல் ஆணியைத் துளையில் வைக்கவே மூன்று தடவை தவறவிட்டார். நாலாவது தடவை அது பால்கனிக் கம்பி வழியாகக் கீழே போய்விட்டது. எண்ணி வாங்கியதில் மிச்சம் பதிமூன்றுதான் இருந்தது.

"குடுங்க இப்படி."

"நீ அடிக்கப் போறியா?"

"மெக்கானிக் கை படக் கூடாதுன்னுதானே சத்தியம்? நான் மெக்கானிக்கா?"

"அதுக்கில்ல. நீ வேற நான் வேறயா" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலைக் கொடுத்தார்.

ஏழு மணி ஐந்து நிமிஷம் வரைக்கும் வேற இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.

"எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

"நடுவுல இருந்து. ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல உப்பிக்கும்."

விளிம்பு தைக்கும்போதும் அப்படித்தான். முதலில் நடுவில் ஒரு ஊசி குத்திக்கொள்வோம். நடு ஆணி இரண்டையும் வைத்து அடித்தேன். அப்புறம் இடப் பக்கம் இரண்டு, வலப் பக்கம் இரண்டு. செம்பு மெத்தென்று விரிந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு அடியிலும் எனக்கு ஆத்திரம் தீர்ந்துகொண்டும் வந்தது, ஏறிக்கொண்டும் வந்தது. அவர் ஷூவைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா அடிக்கிறே" என்றார்.

"பேசாதீங்க."

இந்தத் தடவை துண்டுகளைச் சுத்தமான வெள்ளைத் துணியில் வைத்தோம். லைனிங் ஓரங்களை அரம் போட்டுச் சரித்தார். டிரம்மைப் பெட்ரோலில் இரண்டு தடவை கழுவி, உப்புத்தாளால் தேய்த்தார். நான் மோந்து பார்த்துச் சரி என்ற பிறகே மூடினார். சக்கரம் கீழே போய் ஏறி, கேபிளை இழுத்துக் கட்டி முடித்தபோது ஏழாக இரண்டு நிமிஷம். ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. வண்டியைச் சரிவின் உச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் முன்பக்க பால்கனிக்கு வந்தேன்.

இந்த நேரத்தை அவர் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருந்தார். நோன்பு திறப்பதற்கு முந்திய ஐந்து நிமிஷத்தில் அலெக்சாந்திரியாவில் தெருவே இருக்காது. எல்லோரும் சாப்பாட்டின் முன் உட்கார்ந்துவிடுவார்கள். குறுக்கே நாய்கூட வராது. அவர் மறந்தது ஒன்றுதான். வீட்டுக்குப் போய்ச் சேர முடியாமல் வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்காகவே அந்த ஐந்து நிமிஷத்தில் தெருவுக்கு வருகிறவர்களும் உண்டு.

நஷாத் சரிவில் பாதி இறங்கியிருப்பார். பள்ளிவாசல் பக்கத்திலிருந்து மருந்துக்கடை மம்தூஹும் அவர் சிநேகிதர்கள் இரண்டு பேரும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கையில் பேரீச்சம்பழப் பைகள், ஒரு தட்டு நிறையப் புளிப் பானக் கோப்பைகள். வண்டியைக் கண்டதும் மூன்று பேரும் கையை விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார்கள். நோன்பு திறக்கக் கொடுக்காமல் யாரையும் விட மாட்டார்கள். அந்த நன்மையை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசு வராது.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அல்லாவிடம் துஆ கேட்கலாம் என்று பார்த்தால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. மம்தூஹுக்கு மூன்று பிள்ளைகள் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

அவர் கை மூடுவதைப் பார்த்தேன். வண்டியின் முன் ஃபோர்க் அப்படியே கீழே அமுங்கியது. பின் சக்கரம் ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது. வண்டி நின்றது. மம்தூஹின் தட்டுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். இஞ்சினும் அணைந்துவிட்டது.

"ஹாஜி, ஏத்துக்கங்க" என்று மம்தூஹ் பையை நீட்டினார். தான் செத்துப் பிழைத்தது அவருக்குத் தெரியவே இல்லை.

நஷாத் பையை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். இஞ்சினை உதைத்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. எந்த வீட்டிலோ ரேடியோவில் குர்ஆன் ஓதி முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. அவர் பிரேக்கை விட்டார். மிச்சச் சரிவை வண்டி சத்தமில்லாமல் உருண்டு கடந்தது. பட்டறை வாசலில், உஸ்தா கைரியின் ஸ்டூலுக்கு நேரே, ஒரு தடவை அழுத்தினார். நின்றது. ஓதல் முடிந்து, எல்லா ஜன்னல்களிலிருந்தும் ரேடியோப் பீரங்கி ஒன்றாக முழங்கியது.

தெரு கத்தியது. ஹமாதா ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தான். உஸ்தா கைரி அவர் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "வா, உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போகணும், இல்லேன்னா என் பெண்டா..." என்று ஆரம்பித்தார். ஹமாதா மாவுக் கையாலேயே அவர் வாயைப் பொத்தினான். நான்கூடச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கன்னத்தைத் துடைத்தேன், ஈரமாக இருந்தது.

மாடி ஏறி வந்த மனுஷன் பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். தண்ணீர் குடித்தார், பேரீச்சம்பழம் தின்றார், சிகரெட் பற்ற வைத்தார், சூப்பு குடித்தார், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தார். முன் சக்கரம் எப்படிக் கடித்தது, பின் சக்கரம் எப்படித் தூக்கியது என்று மூச்சு விடாமல் சொன்னார். மம்தூஹின் முகத்தை நடித்துக் காட்டினார். நான் எதிரே உட்கார்ந்து ஒரு பழத்தின் கொட்டையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அபூ ரீம், மத்தியானம் ஷேக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

"அதான் தீர்ந்துச்சே."

"சத்தியம் தீர்ந்துச்சு. கேட்டது தீரல. என்ன இருந்துச்சு மனசுல?"

அவர் கரண்டியை வைத்தார். "விடேன், இன்ஷிராஹ். சொன்னா வருத்தப்படுவே."

"காலைல இருந்து சந்தோஷமாவா இருக்கேன்?"

சிகரெட் சாம்பல் மேஜைத் துணியில் விழுந்தது. அதைத் தட்டக்கூட இல்லை. "உன்னை விடணும்னு நினைக்கல. அல்லாவுக்குத் தெரியும், நினைக்கல. அழுத்தத்துக்குன்னும் யோசிச்சுச் சொல்லல. கைரி சிரிச்சான். எனக்கு அவன் பல்லு மட்டும்தான் தெரிஞ்சுது. பெண்டாட்டின்னு வாய் சொல்லுச்சு. அது நீன்னு..." நிறுத்தினார். "உன் நினைப்பே வரல எனக்கு. இல்லவே இல்ல."

"இதைச் சொல்லியிருந்தா ஷேக் அப்பவே விட்டிருப்பாரே. மனசுல ஒண்ணுமே இல்லேன்னா பத்துப் பேருக்குச் சோத்தோட முடிஞ்சிருக்கும். நாள் பூரா இந்தப் பாடு எதுக்கு?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தே" என்றார். "உன்னை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது அதை?"

கோபத்தில் என்னை விட்டுவிட நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டை எனக்குத் தெரியும், இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் வாயை மூடியிருக்கிறார். அது புரிந்தது. புரிந்தும் வலித்தது, நெஞ்சில் ஒரு இடத்தில், நன்றாகவே வலித்தது.

"நாளைக்குக் காலைல தமன்ஹூருக்குப் போறேன். அஃபாஃப் வீட்டுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. இந்தத் தடவை சொல்லிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த பத்து வயது திரும்பி வந்துவிட்டது. மெதுவாக, "நான் வேணா வண்டில கொண்டு விடட்டுமா?" என்றார். "இப்ப பிரேக் நல்லா பிடிக்குது. நீ அடிச்ச ஆணிதான்."

"போய்ச் சேர்ற வரைக்கும், பின்னாடி நான் உக்காந்திருக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

அவர் சட்டென்று வாயைத் திறந்தார், எப்போதும் போல. அப்புறம் என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன்.